அந்த எண்ணெய் எங்கே போனது?

எண்பதுகளின் தொடக்கம். வருஷம் சரியாக வேண்டுமென்றால், என் மூத்த மகள் ஒன்றாம் வகுப்பில் சேரக் காத்திருந்த டிசம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் சிலிபின் பக்கம் சொந்தமாக ஒரு கார் பட்டறை வைத்திருந்தேன். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கூரை, தரையில் ஒரு பள்ளம், ஒரு சங்கிலிக் கப்பி, நான். அவ்வளவுதான். எங்கள் ஊரில் மெக்கானிக்கைப் 'பொமேன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்ரோலை 'எண்ணெய்' என்பார்கள், காரைக் 'காடி' என்பார்கள், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவார்கள். இந்த நாலு வார்த்தை தெரிந்தால் போதும், நான் பட்ட வெட்கம் முழுதும் உங்களுக்கு விளங்கிவிடும்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். ரப்பர் தோட்டத்து டிராக்டரிலும் லாரியிலும் கை வைத்துத்தான் தொழில் பழகினேன். கார்புரேட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன். அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. கோபமும் அப்படித்தான், எப்போதும் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். என் மனைவி சாப்பாடு போடும்போதுகூட முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாள்.

அந்தக் காலத்தில் என்னிடம் வந்துகொண்டிருந்த கார்களில் ஒன்றை மட்டும் நான் என் பிள்ளை மாதிரி பார்த்தேன். கரும்பச்சை நிறத்தில், தரையோடு தரையாகத் தாழ்ந்து கிடக்கும் இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். ஐரோப்பாவில் செய்தது. எழுபதுகளில் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தோட்ட மேனேஜரிடமிருந்து ஈப்போ வக்கீல் ஒருவர் ஆசை ஆசையாக வாங்கியது. வக்கீலின் குடும்பம் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்தது. அவர் மனைவி டாக்டர். டவுனில் கிளினிக் வைத்திருந்தார்கள். வக்கீல் திடீரென்று போய்ச் சேர்ந்த பிறகு, காரை விற்றுவிடச் சொல்லிப் பலரும் அந்த அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கேட்கவில்லை. தனக்கு ஓட்டத் தெரியாது, ஆனாலும் அந்தக் காரில்தான் போவார்கள், வருவார்கள்.

ஓட்டியவர் டிரைவரண்ணன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டியவரை வக்கீல்தான் கூட்டிக்கொண்டு வந்து, தன் வீட்டுக்குப் பின்னால் அறை கொடுத்துக் குடும்பத்தோடு தங்க வைத்திருந்தார். ஆள் ஆறடி உயரம். கார் அவர் இடுப்பு உயரம்கூட இருக்காது. அவர் ஏறுவதே ஒரு வேடிக்கைதான். முதலில் ஒரு கால், அப்புறம் தலை, அப்புறம் மிச்சம். முட்டி இரண்டும் ஸ்டியரிங்குக்கு மேலே நிற்கும். பக்கத்தில் டாக்டரம்மா மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவு வேகம் போகும் காரை அவர் சைக்கிள் மாதிரி ஓட்டிக்கொண்டு போவார். அந்தக் காருக்கு அவர் வைத்த பேர் 'குட்டி'.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர்கள் ஆயர் தாவார் போவார்கள். அங்கே வக்கீல் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஒரு காலத்தில் ரப்பர், அப்புறம் எல்லாரையும் போல அவர்களும் பாமாயில் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்டார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் காய்ச்சல், இருமல், பிள்ளைகளுக்குச் சொறி சிரங்கு என்று டாக்டரம்மா பார்த்து மருந்து கொடுத்துவிட்டு வருவார்கள்.

அந்தக் காரில் கார்புரேட்டர் கிடையாது. இன்ஜினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சி அடிக்கும் இன்ஜெக்‌ஷன். எப்போது எவ்வளவு அடிப்பது என்று முடிவு செய்ய ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி. மற்றப் பட்டறைகளில் அதைப் பார்த்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். நான் 'கொண்டாங்க' என்றேன். ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை இரவல் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு வருஷம் ஒரு குறை இல்லாமல் ஓட வைத்தேன். சிலிபினில் இன்ஜெக்‌ஷன் காரில் கை வைக்கும் ஒரே தமிழன் நான்தான் என்று கல்யாண வீடு, கருமாதி வீடு வித்தியாசம் இல்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்குக் குட்டியும் என் பட்டறைக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாளே இன்ஜினைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று ஆக்கினேன். மறுநாள் காலையில் குளித்து, வேட்டி கட்டி, சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து, இன்ஜினில் கைக்கு எட்டிய இடமெல்லாம் பொட்டு வைத்தேன். மற்ற கார்களுக்கு நாலு பொட்டு என்றால் குட்டிக்கு நாற்பது. அதன் மேல் குங்குமம். அப்புறம் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், பன்னீர் தெளித்தேன். டிரைவரண்ணன் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "போதும் பொமேன், குட்டிக்குச் சளி புடிச்சிக்கப் போவுது," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பூஜை முடிந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். குட்டி தகராறு பண்ண ஆரம்பித்தது.

காலையில் எடுத்தால் நல்ல பிள்ளையாக ஓடும். ஒரு அரை மணி ஓடி இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் வரும் வம்பு. பெடலை மிதித்தால் ஒரு நொடி யோசிக்கும். திக்கும். முன்னால் ஒரு குலுக்கு, பின்னால் ஒரு குலுக்கு. அப்புறம் மனசு வந்தால் போகும், இல்லாவிட்டால் நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி நன்றாக ஆறவிட்டால் மறுபடியும் நல்ல பிள்ளை.

சூட்டில் வருகிற கோளாறுதானே, இரண்டே நாளில் பிடித்துவிடுகிறேன் என்று சவால் விட்டேன். சூட்டில் எண்ணெய் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும் என்று படித்திருந்தேன். ஈரச் சாக்கைக் குழாயில் சுற்றிப் பார்த்தேன். ஃபில்டரை மாற்றினேன். எண்ணெய் பம்பை மாற்றினேன். டேங்கை இறக்கிக் கழுவினேன். இக்னிஷன் காயில் சூட்டில் செத்துப் பிழைக்குமோ என்று அதற்கும் வேறு போட்டேன். அதுவும் போதாதென்று ஒரு மத்தியானம் என் மனைவியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, அவள் கையில் ஒரு வாளியும் ஈரத்துணியும் கொடுத்து, சிலிபினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வண்டி திக்கும்போதெல்லாம் அவள் இறங்கி நான் காட்டிய இடத்தில் துணியைப் போட வேண்டும். மூன்றாவது தடவை வாளியைச் சாலையிலேயே வைத்துவிட்டாள்.

"நல்லாருக்கு லா! கல்யாணமாயி இத்தனை வருசத்துல முத தடவயா ஸ்போர்ட்ஸ் காடியில போலாம்னு கூப்புட்டீங்க, ஒத்தடம் குடுக்கவா? சூடானா திக்குற காடிக்குச் சூடானா கத்துற பொமேன், நல்ல ஜோடிதான்!"

நான் கத்தினேன். அவள் சொன்னது அப்போதே நிரூபணமாகிவிட்டது.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இத்தனை தேடியும் இன்ஜினில் நான் வைத்த பொட்டுகளில் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. சாமிக்கு வைத்தது, அதுவாக உதிர வேண்டும், நாமாகத் துடைக்கக் கூடாது என்பது என் பழக்கம். பொட்டு இருக்கும் இடத்தைச் சுற்றித்தான் ஸ்பானரே போகும். ஒரு நாள் டிரைவரண்ணன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"பொமேன், கோவிச்சுக்காதீங்க. பூசைக்கு அப்புறந்தான் குட்டி இப்படிப் பண்ணுது. நான் நல்லா கவனிச்சிட்டேன்."

"சாமி கும்புட்டா காடி கெட்டுப்போவுமா? என்ன பேச்சு பேசுறீங்க? ஓட்டுறதோட நிறுத்திக்குங்க லா!"

நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் காரின் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை டாக்டரம்மாவே பட்டறைக்கு வந்தார்கள். எப்போதும் போல நிதானமாகத்தான் கேட்டார்கள்.

"தம்பி, முன்னெல்லாம் டேங்க் நிறைய எண்ணெ அடிச்சா ரெண்டு தடவை ஆயர் தாவார் போயிட்டு வரலாம். இப்ப ஒரு தடவை போயிட்டு வர்றதுக்குள்ள முள்ளு கீழ இறங்கிடுது. எண்ணெ எங்க போகுது?"

எனக்கு விடை தெரியாது. 'தெரியலம்மா' என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. ஒரு மாதமாகத் தோற்றுக்கொண்டிருந்த எரிச்சல், வெயில், பிளக்கைக் கழற்றினால் கரிபிடித்துக் கன்னங்கரேல் என்று இருந்தது வேறு. எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்தால் இப்படித்தான் கரி பிடிக்கும் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பத்தடி தூரத்தில் டிரைவரண்ணன் நின்றுகொண்டிருந்தார் என்பது தெரிந்தேதான் சொன்னேன்.

"இன்ஜின் எண்ணெ குடிக்கும்மா, ஆனா தண்ணி மாதிரி குடிக்காது. டேங்க்ல ஊத்துனது டேங்க்லயே இருந்தாத்தானே! நல்லத எடுத்துட்டு மண்ணெண்ணெய கலந்தா எந்த காடிதான் ஓடும்? சாவி யாரு கையில இருக்கோ அவங்களக் கேளுங்க."

சொல்லி முடித்ததும் டிரைவரண்ணனைப் பார்த்தேன். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னமோ நான் வேறு யாரையோ சொல்கிறேன் என்பது போல ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

"அம்மா, ஐயா இருந்த காலத்துலேர்ந்து ஓட்டுறேன். ஒரு சொட்டு எடுத்ததில்ல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அவர் அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டார். சட்டைப்பையில் இருந்த கைக்குட்டையை எடுத்துக் கார் சாவியைத் துடைத்து, என் வேலை மேசையில் வைத்துவிட்டு, வெயிலில் நடந்து போய்விட்டார்.

மறுநாளே அவர் குடும்பத்தோடு தெலுக் இந்தானுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அங்கே மார்க்கெட்டில் அவர் மைத்துனர் தேங்காய் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளையும் ஜனவரியில் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடப் போவதாகவும் சொன்னார்கள். என் மனைவி அன்று ராத்திரி சோற்றைப் போட்டுவிட்டு, "கண்ணால பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பார்க்கவில்லை என்று எனக்கே தெரியும்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றுபோனது. அடுத்த வாரம் நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். டிரைவர் போய்விட்டதால் கார் நன்றாக ஓடும், என் பேச்சு நிஜமாகும் என்று ஒரு நப்பாசை. ஞாயிறு காலை நானே எண்ணெய்க் கடைக்குப் போய், டேங்க் வழிய வழிய அடித்து, மூடியை என் கையாலேயே திருகினேன். சாவி என் பையை விட்டு நகரவில்லை.

பூசிங் வரைக்கும் தங்கமாக ஓடியது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. துரோனோ தாண்டியதும் லேசாக ஒரு திக்கல். எனக்கு வியர்த்தது. அப்புறம் இன்னொன்று. போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலத்தை எப்படியோ தாண்டினேன், அந்தப் பக்கம் இறங்கியதும் குலுங்கிக் குலுங்கி ஓரமாக நின்றுவிட்டது. எண்ணெய் முள்ளைப் பார்த்தேன். ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான் வந்திருப்போம், அதற்குள் கால்வாசி இறங்கியிருந்தது. டாக்டரம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, காலையில எண்ணெ அடிச்சது யாரு?"

"நான்தாம்மா."

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்டத்தாம்மா."

அவர்கள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். வெளியே வெட்டாமல் விட்டிருந்த பழைய ரப்பர் மரங்கள் கொஞ்சம் நின்றன. என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஒரு மனுஷனைத் திருடன் என்று சொல்லி, வேலையைப் பறித்து, பிள்ளைகளோடு வீட்டை விட்டு அனுப்பிவிட்டேன். அவர் எடுக்காத எண்ணெய் என் கண்ணெதிரே, என் காலுக்குக் கீழேயே போய்க்கொண்டிருந்தது.

இறங்கி பானெட்டைத் திறந்தேன். உச்சி வெயில். இன்ஜின் அனல் முகத்தில் அடித்தது. பின்னால் நிழல் விழுந்தது. டாக்டரம்மா இறங்கி வந்து குடையை என் தலைக்கும் இன்ஜினுக்கும் சேர்த்துப் பிடித்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. திட்டினாலாவது தாங்கிக்கொள்வேன்.

ஒரு பிளக்கைக் கழற்றினேன். அதே கரி. ஆனால் காலையில் நல்ல எண்ணெய் அடித்தது நான். அப்படியென்றால் இது மண்ணெண்ணெய்க் கரி இல்லை. இன்ஜினுக்குள் தேவைக்கு மேல் எண்ணெய் போகிறது, எரியாமல் கரியாகிறது, அதனால்தான் திக்குகிறது, அதனால்தான் டேங்கும் காலியாகிறது. ஒரு மாதமாக எண்ணெய் வரவில்லை, வரவில்லை என்று குழாயை நனைத்துக்கொண்டிருந்தேனே மடையன், வந்தது அதிகம்! அதிகமாக அடிக்கச் சொன்னது யார்? அந்தப் பெட்டி. பெட்டிக்கு யார் சொன்னது? இன்ஜினின் சூட்டை அளந்து சொல்ல ஒரு சின்ன சென்சார் உண்டு, அதன் தலையில் ஒரு ஒயர் போய் மாட்டியிருக்கும்.

அந்த ஒயர் மாட்டும் இடத்தைப் பார்த்தேன். வயசான ரப்பர் மூடி எப்போதோ வெடித்து உதிர்ந்துவிட்டது. அந்த இடம் உருண்டையாக, வழவழவென்று, பொட்டு வைக்கத் தோதாக இருந்தது. அதன் நடுவில் காய்ந்து வெடித்துப்போய், என் சந்தனப் பொட்டு.

'பூசைக்கு அப்புறந்தான் குட்டி இப்படிப் பண்ணுது.' அவர் குரல் அப்படியே காதில் கேட்டது.

மனசுக்குள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்தப் பொட்டில் கை வைத்தேன். ஒயரைப் பிடுங்கினேன். உள்ளே பித்தளை முனையெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தது. சந்தனம், மஞ்சள் தண்ணீர், பன்னீர் எல்லாம் இறங்கி உட்கார்ந்து வேலையைக் காட்டியிருக்கிறது.

"அது என்ன தம்பி?" என்றார்கள்.

"இது இன்ஜினோட தெர்மாமீட்டர்ம்மா. இன்ஜின் ஆறி இருந்தா எண்ணெ கூட வேணும், சூடாயிட்டா கொறைக்கணும். இது கெட்டுப் போனதால, எவ்வளவு சூடானாலும் 'இன்னும் சூடாவல, ஊத்து ஊத்து'ன்னே பெட்டிக்குச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு."

"தெர்மாமீட்டர் பொய் சொன்னா டாக்டரும் தப்பாத்தான் மருந்து குடுப்பா," என்று சொல்லிவிட்டு, குடையை என் கையில் கொடுத்துக் காருக்குப் போனார்கள். மருந்துப் பையோடு வந்து, பஞ்சும் ஸ்பிரிட்டும் ஒரு சின்ன பிளேடும் எடுத்தார்கள். இப்போது நான் குடை பிடித்தேன். அவர்கள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, புண்ணைத் துடைப்பது போல அந்த ஒயர் முனையைச் சுரண்டிச் சுரண்டித் துடைத்தார்கள். பஞ்சு மஞ்சளாக வந்தது.

"மஞ்சளா இருக்கே, என்ன இது?"

அந்த நேரத்தில் என் புத்தி போன போக்கைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. 'துரும்மா, பழைய காடி இல்லீங்களா' என்ற பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. யாருக்கும் தெரிந்திருக்காது. என் பேரும் தப்பித்திருக்கும். அப்போதுதான் அந்தக் கைக்குட்டை ஞாபகம் வந்தது. போகிற போதும் சாவியைத் துடைத்து வைத்துவிட்டுப் போன மனுஷன்.

"நான் வெச்ச சந்தனந்தாம்மா. பூசைக்கு வெச்சது. டிரைவரண்ணன் அப்பவே சொன்னாரு, நான்தான் கேக்கல. அவரு ஒண்ணும் பண்ணல, எல்லாம் நான் பண்ணினது." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. நடு ரோட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

டாக்டரம்மா துடைப்பதை நிறுத்தவில்லை. "நீங்க சொன்னீங்க. நான் அவர்கிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்கலையே. பத்து வருசமா பக்கத்துல உக்காந்து போனவ," என்றார்கள்.

பிளக்கைத் துடைத்து மாட்டி, ஒயரையும் மாட்டிச் சாவியைத் திருப்பினேன். குட்டி சட்டென்று எழுந்தது. ஆயர் தாவார் வரைக்கும், திரும்பி ஈப்போ வரைக்கும், ஒரு திக்கல் இல்லை.

மறுநாள் டாக்டரம்மா கிளினிக்கைத் திறக்கவில்லை. நேரே தெலுக் இந்தானுக்கு விடச் சொன்னார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் லாரியிலிருந்து தேங்காய் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவரண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி, தோளில் மூட்டையோடு நின்றார். நான் காரை நிறுத்தினேன், ஆனால் இன்ஜினை அணைக்கவில்லை. அவர் திரும்பவும் இல்லை, மூட்டையை இறக்கவும் இல்லை. அப்படியே நின்று இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். அப்புறம்தான் மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"குட்டி நல்லாயிடுச்சா?"

முதலில் கேட்டது அதைத்தான். நான் பட்டறையில் அவரை மூன்று பேர் நடுவில் திருடனாக்கினேன். இங்கே மார்க்கெட்டே பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் நியாயம் என்று தோன்றியது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

"டிரைவரண்ணே, தப்பு பண்ணினது நான். நான் வெச்ச பொட்டுதான் காடியக் கெடுத்துச்சு. உங்க மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

"கையக் கீழ போடுங்க பொமேன், ஆளுங்க பாக்குறாங்க லா," என்று என் கையைப் பிடித்து இறக்கினார். பிறகு டாக்டரம்மா வெயிலில் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் ஓடி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவர்கள் உட்காரவில்லை. அவர் கையைப் பிடித்து, "வீட்டுக்கு வாங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது," என்றார்கள்.

அவர் உடனே உருகிவிடவில்லை. எனக்கு அதுதான் இன்றைக்கும் பிடித்திருக்கிறது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "வாரேன். குட்டிக்காவும் அம்மாவுக்காவும் வாரேன். ஆனா உங்க மேல கோவம் இருக்கு பொமேன். போவ கொஞ்ச நாளாவும்."

"ஆவட்டும்ண்ணே," என்றேன்.

சாவியை என் கைக்குட்டையால் துடைத்து அவரிடம் கொடுத்தேன். அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒன்று உறைத்தது. கார் இரண்டு சீட்டு. டாக்டரம்மா சங்கடப்பட்டார்கள். நான் சந்தோஷமாக பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அன்று தெலுக் இந்தானிலிருந்து ஈப்போ வரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். லங்காப் தாண்டி எங்கோ, கரும்பச்சைக் கார் ஒன்று ஓரமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸே அதை முந்திக்கொண்டு போனது. முட்டி இரண்டும் ஸ்டியரிங்குக்கு மேலே.

பிள்ளைகள் பழைய பள்ளிக்கூடத்திலேயே தொடர்ந்தார்கள். சிலிபினில் பலரும் காருக்கு என்ன கோளாறு என்று அவரைத் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். அவர் எல்லாரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னாராம்: "ஒரு ஒயர் லூசு. பொமேன் கண்டுபுடிச்சிட்டாரு லா." கோபம் இருந்த நாளிலேயே சொன்னது அது. எனக்கு வேறு ஒருவர் மூலமாகத்தான் தெரியவந்தது.

அவர் என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசாமலே ஒரு வருஷம் ஓடியது. அடுத்த சரஸ்வதி பூஜைக்குக் குட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் சந்தனக் கிண்ணத்தோடு பானெட் முன்னால் போய் நின்றேன், விரல் நகரவில்லை. எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. என் மனைவி பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரிப்பது கேட்டது. டிரைவரண்ணன் பக்கத்தில் வந்தார். அந்த ஆறடி ஆள் குனிந்து தன் நெற்றியை என் கைக்கு நேராக நீட்டினார்.

"குட்டிக்கு வேணாம் பொமேன், அது தாங்காது. எனக்கு வெச்சி விடுங்க."

நான் வைத்த பொட்டு கோணலாகத்தான் விழுந்தது. அவர் அதைச் சரி செய்யாமல் அன்று முழுதும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எத்தனையோ பூஜை வந்து போய்விட்டது. ஆனால் யார் மீதாவது பழி சொல்ல என் வாய் திறக்கும்போதெல்லாம், என் கைக்கு நேராகக் குனிந்த அந்த நெற்றிதான் முன்னால் வந்து நிற்கிறது, நானும் வாயை மூடிக்கொண்டு முதலில் என் விரலைப் பார்த்துக்கொள்கிறேன்.